பூச்சியத்தை ஒன்றாக்கிய மாப்பிள்ளை

சங்கரன்கோவில்,
3-9-83, சனிக்கிழமை.

மதிப்பும் பாசமும் நிறைந்த அத்தான் சுந்தரராஜ் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சண்முகையா பணிவோடு எழுதுவது.

சங்கரலிங்க சுவாமி, கோமதி அம்மன் கிருபையால் இங்கே எல்லாரும் சௌக்கியம். கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேனே தவிர, உண்மையில் இந்த வீட்டில் ஒருவருக்கும் சௌக்கியம் இல்லை. பிச்சம்மாள் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மகள் கோமதித்தாய் பேசுகிறாள், ஆனால் கணக்கைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாள். எனக்கு வயிறு சரியில்லை. அன்றைக்கு மிஞ்சிய கேசரியை வீணாக்கக்கூடாது என்று இரண்டு நாள் வைத்துத் தின்றதுதான் காரணம். தூத்துக்குடியில் நீங்களும் அக்காளும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இவ்வளவுக்கும் காரணமான சம்பந்தத்தைக் கொண்டுவந்து விட்டவர் நீங்கள்தான்.

உங்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். குறை சொல்லத்தான் போகிறேன், ஆனால் இன்னும் தொடங்கவில்லை. ராயகிரி ஆவுடையப்பன் அண்ணாச்சி மகன் காளிராஜ், எம்.எஸ்ஸி. கணக்கு, கல்லூரியில் வாத்தியார் வேலை, தாயில்லாப் பிள்ளை, அத்தைதான் வளர்த்தது, காப்பிகூடக் குடிக்காத பையன் என்று நீங்கள் எழுதிய கடிதத்தை நான் எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வாசித்துக் காட்டினேன். "பெண்ணும் கணக்கு, பையனும் கணக்கு, சண்டை போட்டால்கூடக் கணக்காகத்தான் போடுவார்கள்" என்று நீங்கள் எழுதியிருந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். இப்போது அந்தத் தெரு வழியாகப் போக முடியாமல் தறிக்கூடத்துக்குப் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பிறகு நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயகிரியிலிருந்து ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். ஒரு காரில் எத்தனை பேர் ஏற முடியுமோ அதைவிடக் கூடுதலாகவே இருந்தார்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சி சாதுவான மனிதர். பருத்தி, மழை இரண்டைத் தவிர வேறு எதையும் பேசமாட்டார். பேச்செல்லாம் அவர் தங்கை ஆறுமுகத்தாய் அம்மாள்தான். அந்தம்மாள் உள்ளே நுழைந்ததும் எங்கள் வீட்டு உத்தரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நான் பாதி உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், நம் ஊர்ச் சந்தையிலேயே வாங்கிய மல்லிகைப் பூ எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. பிச்சம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமதி வந்து வணக்கம் சொன்னாள். ஆவுடையப்பன் அண்ணாச்சி, கேட்க வேண்டுமே என்பதற்காக, "பாப்பாவுக்குப் பாட வருமா?" என்று கேட்டார். அவள் பாடினால் எப்படியிருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், அக்காள் மகன் காதுகுத்தில் கேட்டிருக்கிறீர்கள். நான் இருமி இருமிப் பேச்சை மாற்றப் பார்த்தேன். அதற்குள் அவளே, "பாட வராது மாமா. கணக்குப் போட வரும்" என்று சொல்லிவிட்டாள். உள்ளே ஒரு டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. அதுவரை வடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். "அப்ப ஒரு கணக்குத் தரட்டுமா?" என்றான். ஏதோ பெருக்கல் கணக்கு என்று நினைத்து, "தாராளமாத் தாங்க" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எழுத இடம் வேண்டுமே. எங்கள் வீட்டில் சிலேட்டு உடைந்து வருஷங்கள் ஆகின்றன. தறிக்கூடத்தில் ஒரு கரும்பலகை உண்டு. நீளவாக்கில் ஓடும் பாவு நூலை எந்த நிறத்தில் எத்தனை இழை ஓட்ட வேண்டும் என்று நான் அதில் எழுதி வைப்பேன், வேலையாள் மூக்காண்டி அதைப் பார்த்துப் பாவு ஓட்டுவான். அவனைக் கூப்பிட்டு அதைத் தூக்கி வரச் சொன்னேன். அவன் பழைய கணக்கைத் துடைத்துவிட்டுப் பலகையைக் கொண்டுவந்து வீட்டு நடுவே நாற்காலியில் சாய்த்து வைத்தான். மாப்பிள்ளை எழுந்து போய் மூன்று வரிசையாக எண்களை எழுதினான். முதல் வரிசை ஒன்று, ஒன்று, ஒன்று. அடுத்தது ஒன்று, இரண்டு, இரண்டு. கடைசி ஒன்று, இரண்டு, மூன்று. சுற்றி ஒரு அடைப்பு. கட்டம் போட்ட கைக்குட்டையை விரித்து வைத்தது போல இருந்தது. இதற்கு அணி என்று பெயராம், படுக்கை வரிசைக்கு நிரை என்று பெயராம். "இதோட நேர்மாறு கண்டுபிடிக்கணும், நிரை நிரையாச் சுருக்கி" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். முதல் வரிசை பூரா ஒன்றாக இருந்ததைப் பார்த்து ஆறுமுகத்தாய் அம்மாள், "பிள்ளை மங்கலமாத்தான் ஆரம்பிச்சிருக்கான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

கோமதி சாக்பீஸை எடுத்தாள். மாப்பிள்ளை எழுதிய கட்டத்துக்கு அடுத்தாற்போல ஒரு கோடு போட்டு, வலது பக்கம் இன்னொரு கட்டம் எழுதினாள். அதில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குச் சாய்வாக மூன்று ஒன்று, மற்ற இடமெல்லாம் பூச்சியம். இதற்கு அலகு அணி என்று பெயர். இடது பக்கத்தில் ஒரு நிரையிலிருந்து இன்னொரு நிரையைக் கழித்துக் கழித்து, அந்தப் பக்கத்தையும் இதே மாதிரி ஒன்றும் பூச்சியமுமாக ஆக்க வேண்டும். இடது பக்கம் ஒரு நிரைக்கு என்ன செய்கிறோமோ அதை வலது பக்கத்து நிரைக்கும் அப்படியே செய்ய வேண்டும். இடது பக்கம் அலகு அணி ஆகிற நேரத்தில் வலது பக்கம் என்ன வந்து நிற்கிறதோ அதுதான் விடை. இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் மகள் எழுத எழுத ஆறுமுகத்தாய் அம்மாளின் முகம் மாறிக்கொண்டே வந்தது என்பதுதான்.

"என்ன இது, இவ எடுத்த எடுப்புலயே முட்டையாப் போடுதா?" என்றார் அந்தம்மாள். மாப்பிள்ளை, "அது அப்படித்தான் அத்தை வரும்" என்று மெதுவாகச் சொன்னான். கோமதி இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையைக் கழித்தாள். பூச்சியம், ஒன்று, ஒன்று என்று வந்தது. மூன்றாவதிலிருந்தும் முதல் நிரையைக் கழித்தாள்; அங்கேயும் ஒரு பூச்சியம் வந்தது. வலது பக்கத்தில் கழித்தல் குறி வேறு முளைத்தது. "கழிக்கவும் செய்தா, சைபரும் போடுதா. நல்ல காரியம் பேச வந்த எடத்துல இது என்ன சகுனம்? நூறு ரூவா மொய் எழுதுனாக்கூட ஒத்த ரூவா சேத்து வச்சுத்தான நம்மாளு எழுதுதான்? சைபர்ல முடியலாமா?" என்று அந்தம்மாள் கேட்டார். கோமதி காதில் விழாதது போல மூன்றாம் நிரையிலிருந்து இரண்டாவதைக் கழித்தாள். இடது பக்கம் கடைசி வரிசை பூச்சியம், பூச்சியம், ஒன்று என்று ஆனது.

அத்தான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்தம்மாள் சொன்னபோது எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. நானும் ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று மொய் எழுதுகிறவன்தானே. பிச்சம்மாள் கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்த பார்வையிலும் அதே பயம்தான் இருந்தது. பெண் பார்க்கிற இடத்தில், நடுவீட்டில், பெற்ற மகள் தன் கையால் பூச்சியமாக எழுதிக்கொண்டிருந்தால் எந்தத் தகப்பனுக்கு மனசு நிற்கும்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் கோபுர வாசலில் யானை தும்பிக்கையை நீட்டியபோது எப்படிச் சிரித்துக்கொண்டு நின்றாளோ அதே முகம். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறுமுகத்தாய் அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "ஏலே காளி, அந்தச் சைபரெல்லாம் அழிச்சு ஒண்ணு போடு. இல்லாட்டி நான் இப்பவே காருல போய் உக்காந்துருதேன்" என்றார். எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். எம்.எஸ்ஸி. படித்தவன், கல்லூரியில் இதே கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், இது அழிக்கிற சமாச்சாரம் இல்லை அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோமதியும் அதற்காகத்தான் சாக்பீஸைப் பிடித்தபடி திரும்பி நின்றாள். அவன் எழுந்து போனான். இடது பக்கம் இருந்த மூன்று பூச்சியங்களையும் விரலால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதினான். "இப்பச் சரியா அத்தை?" என்றும் கேட்டான்.

கோமதி பலகையைப் பார்த்தாள். "எடது பக்கம் மாத்திட்டீங்க. வலது பக்கம் யார் மாத்துவா?" என்று கேட்டாள். "இப்ப மூணு நிரையும் ஒண்ணு போல ஆயிட்டு. ஒண்ணுல இருந்து ஒண்ணக் கழிச்சா வரிசையே காலி. இதுக்கு நேர்மாறு கிடையாது" என்று சொல்லி, சாக்பீஸைத் தட்டில் மல்லிகைப் பூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கணக்குக்குச் சொன்னாளா கல்யாணத்துக்குச் சொன்னாளா என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் மாப்பிள்ளைக்கு விளங்கிவிட்டது. முகத்தில் சாக்பீஸைத் தடவியது போல அவன் வெளுத்துப்போனான். போய்த் தகவல் சொல்கிறோம் என்றுகூடச் சொல்லாமல் எல்லாரும் காரில் ஏறினார்கள். பூவை வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. பிச்சம்மாள் அந்தத் தட்டைச் சாமி படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கணக்குத் தரட்டுமா என்று அவன் கேட்டதற்குத் தாராளமாகத் தாருங்கள் என்று சொன்னது நான்தானே.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. மறுநாள் காலையில் மூக்காண்டி பலகையைத் திரும்பவும் தறிக்கூடத்துக்குத் தூக்கிப் போய்விட்டான். நான் படுத்துக் கிடந்தேன். புளியங்குடி ஷரீபா பீவி அம்மாள் கேட்டிருந்த சிவப்பு, பச்சை, வெள்ளைக் கட்டம் போட்ட துண்டுக்குப் பாவு ஓட்ட வேண்டும். கணக்கு எங்கே என்று மூக்காண்டி கேட்டதற்கு, எப்போதும் சொல்கிற வாய்ப் பழக்கத்தில், "பலகையில எழுதியிருக்க மாதிரி ஓட்டுலே" என்று சொல்லிவிட்டேன். அவன் பலகையைப் பார்த்தான். ஒன்று, ஒன்று, ஒன்று. அதன்படியே ஒரு இழை சிவப்பு, ஒரு இழை பச்சை, ஒரு இழை வெள்ளை என்று கடைசிவரை மாற்றி மாற்றி ஓட்டிவிட்டான். துண்டு நெய்து வந்த பிறகு பார்த்தால் கட்டமும் இல்லை, கோடும் இல்லை, மூன்று நிறமும் கலந்து செம்மண் ரோட்டில் புரட்டி எடுத்த நிறத்தில் இருக்கிறது. ஏன்டா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சத்தம் போட்டால், "கேக்கத்தான் நெனச்சேன் அண்ணாச்சி. வலது பக்கத்துல கழித்தல் ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. நூலக் கழிச்சு எப்படி ஓட்டன்னு தெரியல. அதான் அந்தப் பக்கத்த அப்படியே விட்டுட்டேன்" என்கிறான். ஷரீபா பீவி அம்மாள் வந்து துண்டை விரித்துப் பார்த்து, "அண்ணாச்சி, வாங்குறப்பவே தொவைக்கணும் போல இருக்கே" என்று மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். கூடம் முழுக்க அந்தத் துண்டுதான் கிடக்கிறது. நான் இப்போது அதில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. ராயகிரிக்காரர்களிடம் நியாயம் பேசுவதென்றால் என் மகள் போட்டது சரியா தப்பா என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் தறியெல்லாம் நின்றிருந்தபோது தறிக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து அதே கணக்கை நானே போட்டேன். கழித்தேன், கழித்தேன், கழித்துக்கொண்டே இருந்தேன். எப்படியோ இடது பக்கம் சாய்வாக மூன்று ஒன்றும் மீதி பூச்சியமுமாக வந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். "அப்பா, வலது பக்கத்தத் தொடவே இல்லையே" என்றாள். "நம்ம வேலை எடது பக்கம்தானட்டி, அது எப்படிப் போனா நமக்கென்ன?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "எல்லாரும் அப்படித்தாம்பா நெனைக்கீங்க. எனக்கு ஒரு கணக்குக் குடுத்தாங்க. எல்லாரும் சுத்தி உக்காந்து நான் போடுதனான்னு பாத்தீங்க. அந்தப் பக்கத்துக்கு யாரு கணக்குக் குடுத்தா? நான்தான் குடுத்தேன். திரும்பி நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவுக தப்பாப் போட்டுட்டாக" என்றாள்.

அத்தான், நான் பி.யூ.சி. தாண்டாதவன். ஆனால் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. பெண் பார்க்கிறது என்று சொல்லிப் பெண்ணை மட்டுமே பார்க்கிறோம். ஒரு பக்கம் செய்ததை மறு பக்கமும் செய்ய வேண்டும் என்று ஒரு கரும்பலகைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சரி, விட்டுத் தொலை, ஒரு பயந்தாங்கொள்ளிக்கு வாக்கப்படாமல் தப்பித்தாய் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. "கணக்கு நல்ல கணக்குப்பா" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "மனசுக்கு வந்தபடி மூணு வரிசை எழுதுனா விடை அரை, கால், முக்காலே மூணு வீசம்னு பின்னமாத்தான் வரும். இது முழு எண்ணா வருத மாதிரி முன்னாடியே பாத்துப் பாத்துச் செஞ்சு கொண்டாந்த கணக்கு. நான் திணறக் கூடாதுன்னு நெனச்சிருக்காக" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பையனை அவளுக்குப் பிடித்திருந்திருக்கிறது. முகத்தைப் பார்த்து இல்லை, அந்தக் கணக்கைப் பார்த்து. இது தெரிந்த பிறகுதான் எனக்கு அவன்மேல் கோபம் முழுசாக வந்தது. அவ்வளவு அக்கறையாக ஒன்றைச் செய்துகொண்டுவந்து, அத்தை ஒரு சத்தம் போட்டதும் அதைத் தன் விரலாலேயே துடைத்துவிட்டுப் போனானே, அவனுக்கு என் பெண்ணைக் கொடுப்பேனா?

ஆகவே நான் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் கண்டதும் தாங்கள் நேரில் ராயகிரிக்குப் போய், சங்கரன்கோவில் சம்பந்தம் வேண்டாம் என்று அவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். கோமதியின் ஜாதகத்தைக் கையோடு திரும்ப வாங்கி வந்துவிட வேண்டும். அடுத்த மாப்பிள்ளை பார்ப்பதென்றால் கணக்குப் படித்தவனாக இருக்கக்கூடாது. கூட்டல் மட்டும் தெரிந்தால் போதும், அத்தை இல்லாத குடும்பமாக இருந்தால் மிகவும் விசேஷம். நீங்களும் அக்காளும் கொஞ்ச நாளைக்கு இங்கே வர வேண்டாம், வந்தால் நான் ஏதாவது வாய் தவறிப் பேசிவிடுவேன், பிறகு நமக்குள் மனக்கசப்பு வரும்.

அக்காளுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். பெரியவனுக்குச் சளி பிடித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், தூதுவளை கொடுக்கவும். சங்கரலிங்க சுவாமி நம் இரு குடும்பத்தையும் காப்பாற்றட்டும். யார் பக்கம் நியாயம் என்பதையும் அவரே உங்களுக்குத் தெரியப்படுத்தட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இன்னும் முழுக்க இழந்துவிடாத மைத்துனன்,
சண்முகையா.

பி.கு. (5-9-83, திங்கள்): சனிக்கிழமை எழுதி ஒட்டி வைத்த கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று ஞாயிறு, தபால் எடுக்கமாட்டார்கள் என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அதுவும் நல்லதாகப் போயிற்று.

நேற்று மத்தியானம் தறிக்கூடத்து வாசலில் காளிராஜ் வந்து நின்றான். கார் இல்லை, பஸ்ஸில் வந்திருக்கிறான், கூடவே ஆறுமுகத்தாய் அம்மாள். அந்தம்மாள் உள்ளே வந்ததும் வராததுமாக, "அண்ணாச்சி, பிள்ளை சோறு திங்க மாட்டேங்கான். தூக்கத்துல சைபர் சைபருன்னு பொலம்புதான். நீங்களே என்னன்னு கேளுங்க" என்று பாவு உருளை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவன் என்னைப் பார்த்து, "மாமா, கணக்குத் தெரியாம ஒண்ணு போடல. அத்தை எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு பயந்துட்டேன். போயிருந்தாலும் திரும்பி வந்திருப்பாங்க. கணக்குதான் திரும்பி வரல" என்றான். பலகை மூலையில் அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. மூக்காண்டியிடம் ஈரத் துணி கேட்டான். அத்தை பார்த்துக்கொண்டிருக்க, தான் எழுதிய மூன்று ஒன்றையும் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று பூச்சியத்தைப் பெரிசாக எழுதினான். "அத்தை, நீ சொன்னா நான் எதை வேணும்னாலும் கேப்பேன். இதை மட்டும் கேக்க முடியாது" என்றான்.

மிச்சக் கணக்கையும் அவனே தொடர்ந்தான். முதல் நிரையிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும்போது வலது பக்கம் ஒரு இடத்தில் பூச்சியம் என்று எழுதினான். தறிகளுக்குப் பின்னாலிருந்து, "ஒண்ணுல இருந்து கழித்தல் ஒண்ணக் கழிச்சா ரெண்டு" என்று ஒரு குரல் வந்தது. அவள் எப்போது வந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. அவன் முகம் சுண்டவில்லை அத்தான். "ஆமா, ரெண்டு" என்று சிரித்துக்கொண்டே திருத்தினான். எனக்கு அந்த இடத்தில்தான் அவனைப் பிடித்துப்போயிற்று. அடுத்த நிரையைக் கோமதி வந்து போட்டாள். இடது பக்கம் மூன்று ஒன்றும் சாய்வாக வந்து நின்றன, வலது பக்கம் விடை முழு எண்ணாக வந்து நின்றது. ஆறுமுகத்தாய் அம்மாள் பலகைக்குக் கிட்டே போய் இடது பக்கத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மூலைக்கு மூலை ஒண்ணாவுல்ல நிக்கு" என்றார். "சுத்திச் சைபர் இருக்கப் போய்த்தான் அத்தை அது தெரியுது" என்றான் காளிராஜ். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கப்படாதாலே?" "சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?" அந்தம்மாள் கொஞ்சம் யோசித்து, "கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

புறப்பட எழுந்த அந்தம்மாள், மூக்காண்டி கெடுத்த துண்டுகளை எடுத்துப் பார்த்து, அது ஒன்று ஒன்று ஒன்றாக ஓட்டியது என்று தெரிந்ததும், இதுதான் மங்கலமான துண்டு, கல்யாணத்துக்கு வருகிற எல்லாருக்கும் இதையே கொடுக்கலாம் என்று மொத்தத்தையும் விலை பேசிவிட்டார். பிச்சம்மாள் சாமி படத்துக்குக் கீழே இருந்த பழைய பூத்தட்டை எடுத்து வந்து காட்டினாள், பூ காய்ந்துபோயிருந்தது. மூக்காண்டி ஓடிப் போய்ப் புதுப் பூ வாங்கி வந்தான். ஆறுமுகத்தாய் அம்மாள் தன் கையாலேயே தறிக்கூடத்தில் வைத்துக் கோமதிக்குப் பூ வைத்தார். பிச்சம்மாள் அப்போது, "ஏங்க, நாற்காலி எடுத்துப் போடுங்க" என்று என்னிடம் பேசினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நூல் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பலகையைத் துடைக்க எனக்கு மனசில்லை. பாவுக் கணக்கு எழுத வேறு பலகை வாங்கப் போகிறேன்.

இனி இந்தக் கடிதத்தை என்ன செய்வது என்றுதான் யோசனை. ஒரு வாரக் கோபத்தைக் கொட்டி எழுதியது, கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. கோமதியிடம் கேட்டேன். நிரை மாற்றத்தில் முன்னால் செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து திருப்பிச் செய்துகொண்டே போனால் பழைய நிலைக்கே வந்துவிடலாம் என்கிறாள். ஆகையால் அத்தான், தாங்கள் இந்தக் கடிதத்தைக் கீழேயிருந்து மேலாகத் திருப்பி வாசிக்கவும். நீங்களும் அக்காளும் இந்த வாரமே புறப்பட்டு வரவும். வேறு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். ஜாதகம் ராயகிரியிலேயே இருக்கட்டும். அங்கே நேரில் போய் முகத்துக்கு நேரே சம்மதம் சொல்லவும். மொய் மட்டும் எப்போதும் போல ஒன்றில் முடியும்படி எழுதவும், அதில் நாம் கணிதத்தைக் கலக்க வேண்டாம். அப்படியே மேலே போய்க்கொண்டிருந்தால் கடைசியில் 'இங்கே எல்லாரும் சௌக்கியம்' என்ற வரிக்கு வந்து சேர்வீர்கள். சனிக்கிழமை அதைப் பழக்கத்துக்கு எழுதினேன். இப்போது அது உண்மை.